உடன் இசைத்தவரின் தொகை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேலைநாட்டு ராக் இசையைப் பற்றி, அதிலும் மேடையின் பின்வரிசையில் அமர்ந்து டிரம்ஸ் வாசிக்கும் ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் தெரிவித்தபோது நம் செயலாளர் சற்றுத் தயங்கினார். தமிழ்த்துறையைச் சேர்ந்தவர் தமிழ்ப் பொருளிலேயே பேசலாகாதா என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் இன்று நாம் கூடியிருப்பதற்குக் காரணம் ஒரு தொகுப்பு. பத்தாண்டுக் காலம் இவ்வட்டத்தில் வாசிக்கப்பட்ட கவிதைகளிலிருந்து தேர்ந்து ஒரு மலரை வெளியிடுகிறோம். தொகுத்தல் என்றால் என்ன, யார் தொகுக்க வேண்டும், எந்த முறையில் அடுக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்ற வினாக்கள் சென்ற ஆறு மாதங்களாக மலர்க்குழுவின் கூட்டங்களில் சூடாகவே எழுந்தன. அவ்வினாக்களுக்கு எனக்குத் தெரிந்த விடைகளுள் மிகத் தெளிவான ஒன்றை, நாம் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து கொண்டுவர விரும்புகிறேன். 2022ஆம் ஆண்டில் பில் புரூஃபோர்ட் என்னும் ஆங்கிலேய டிரம்ஸ் கலைஞர், தம் வாழ்நாள் இசைப்பதிவுகளிலிருந்து ஆறு குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அதுவே இன்று என் உரைக்குப் பொருள்.

தொகுப்பின் பெயர் 'மேக்கிங் எ சாங் அண்ட் டான்ஸ்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஆட்டமும் பாட்டும். ஆனால் ஆங்கிலேயரின் பேச்சு வழக்கில் இத்தொடர், சிறிய காரியத்துக்கு ஊரைக் கூட்டுகிறவரைக் கேலி செய்வதற்குப் பயன்படுவது. நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பைத் தொகுத்துத் தருகிறவர், 'இதற்குப் போய் இத்தனை ஆரவாரமா' என்று தம்மையே நகைத்துக்கொண்டு தலைப்பிடுகிறார். அந்த நகைப்பு வெறும் அடக்கத்தின் வெளிப்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. அதனுள் ஒரு கேள்வி இருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவனுக்கு என்று ஒரு படைப்பு உண்டா? பாட்டு பாடகனுடையது, மெட்டு இசையமைப்பாளனுடையது, கூட இருந்து தாளம் போட்டவனுக்குத் தன்னுடையது என்று எடுத்துவைக்க என்ன இருக்கிறது? இக்கேள்விதான் அவருடைய வாழ்க்கையையே நடத்திச் சென்றிருக்கிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

அவர் 1949ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள செவனோக்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். இளமையில் அவரை ஈர்த்தது ராக் இசையன்று, அமெரிக்க ஜாஸ். 1968இல் 'மெலடி மேக்கர்' என்ற இசை வார இதழில் தமக்கு வாய்ப்பு வேண்டும் என்று ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்த ஜோன் ஆண்டர்சன், கிறிஸ் ஸ்கொயர் என்னும் இருவர் அவரை அழைத்தார்கள். அவ்வாறு உருவானது 'யெஸ்' என்னும் குழு. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் அவர் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் படிக்கச் சென்றார். சில வாரங்களிலேயே படிப்பை விட்டுக் குழுவுக்குத் திரும்பிவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அவர் மீண்டும் பல்கலைக்கழக வாயிலில் நுழையப் பல பத்தாண்டுகள் சென்றன.

1972 கோடையில், 'குளோஸ் டு தி எட்ஜ்' என்ற இசைத்தட்டின் பதிவு முடிந்த கையோடு, புகழின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த யெஸ் குழுவிலிருந்து அவர் விலகினார். பொருள்வரவை நோக்கியவர்களுக்கு அது அறியாமையாகத் தோன்றியிருக்கும். அவர் சேர்ந்த இடமோ 'கிங் கிரிம்சன்'. ராபர்ட் ஃபிரிப் என்ற கிதார் கலைஞரின் தலைமையில், நாளை என்ன வாசிப்போம் என்று தமக்கே தெரியாமல் இயங்கிய குழு. 1974இல் அதுவும் கலைந்தது. 1976இல் 'ஜெனிசிஸ்' குழுவின் பயணத்தில் ஒரு பருவம் வாசித்தார், 1978இல் 'யூ.கே.' என்ற குழுவின் முதல் இசைத்தட்டில் பங்கேற்றார். 1977 முதல் 1980 வரை தம் பெயரிலேயே ஒரு குழுவை நடத்தினார். 1981இல் மீண்டும் கிங் கிரிம்சன். 1986இல் 'எர்த்வொர்க்ஸ்' என்னும் ஜாஸ் குழுவைத் தொடங்கி, இடையிட்டும் உறுப்பினரை மாற்றியும், இருபதாண்டுக் காலம் நடத்தினார். 2009இல் பொதுமேடையில் வாசிப்பதிலிருந்து விலகினார்.

அடுக்கிய முறை

இப்படிப்பட்ட வாழ்க்கையைத் தொகுக்க முனைகிறவர் என்ன செய்வார்? 1968இல் தொடங்கி 2009இல் முடிப்பார். அல்லது குழு வாரியாக அடுக்குவார். புரூஃபோர்ட் முதன்மைப்படுத்தியது வேறொரு முறை. முதல் இரண்டு தட்டுகளில் அவர் கூட்டாளி. பிறரோடு சேர்ந்து ஒன்றை உருவாக்கியவர். மூன்றாவதும் நான்காவதும் அவர் தாமே இசையமைத்துத் தலைமை தாங்கியவை. ஐந்தாவதில் அவர் விருந்தினர். பிறர் வீட்டுக்கு அழைக்கப்பட்டுச் சென்று வாசித்தவர். ஆறாவதில் முன்னேற்பாடின்றி அந்தக் கணத்திலேயே படைப்பவர். கூட்டாளி, தலைவர், விருந்தினர், கணத்தில் படைப்பவர் என்ற இந்நான்கும் ஒரு மனிதர் பிறரோடு கொண்ட உறவின் நான்கு நிலைகள்.

இவ்விடத்தில் தமிழ் பயின்றவர்களுக்குச் சங்கத் தொகைகள் நினைவுக்கு வராமல் போகா. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றும் அடியளவால் பிரிக்கப்பட்டவை. ஐங்குறுநூறு திணையால் ஐந்தாகப் பகுக்கப்பட்டது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டெல்லாம் பாலை என்பதை நாம் அறிவோம். பாடியவர் எந்த ஆண்டில் பாடினார், முதலில் பாடியது எது, பின்னர்ப் பாடியது எது என்பதைப் பற்றித் தொகுத்தவர்கள் கவலைப்படவே இல்லை. மக்கள் ஒருவரோடொருவர் எந்த நிலையில் நிற்கிறார்கள், பிரிந்தா, கூடியா, ஊடியா, காத்திருந்தா என்பதே திணைவழி அடுக்கியவர்களுக்கு அளவுகோலாயிற்று. புரூஃபோர்டுக்கு நம் திணைமரபு தெரிந்திருக்க வேண்டியதில்லை. உறவை அளவுகோலாக வைத்துக் கலையை அடுக்குதல் எங்கு வேண்டுமானாலும் தோன்றக்கூடிய எண்ணம் என்பதே நான் சொல்ல வருவது.

ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். நம் தொகைகளில் பாடியவர் வேறு, தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு. அகநானூற்றை உக்கிரப்பெருவழுதி தொகுப்பித்தான், உருத்திரசன்மர் தொகுத்தார் என்று பெயர்களையும் பிரித்தே கூறுகிறோம். இங்கோ இசைத்தவரே தொகுக்கிறார். இதில் உள்ள இடரைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஒன்றுமில்லாததற்கு ஐந்து விழுக்காடு

முதலில் கூட்டாளி என்ற நிலையைப் பார்ப்போம். யெஸ் குழுவில் அவருடைய வாசிப்பைக் கேட்டவர்கள் உடனே இனங்காண்பது ஸ்நேர் என்னும் சிறு மேளத்தின் ஒலியை. கணீரென்று, உலோகமும் மரமும் கலந்ததுபோல் ஒலிக்கும். குச்சி தோலையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் ஒரே நேரத்தில் தாக்கும்படி அடிப்பதால் பிறக்கும் ஒலி அது. இதற்கான காரணத்தை அவர் பிற்காலத்தில் எளிமையாக விளக்கியிருக்கிறார். அந்நாளைய சிறு அரங்குகளில் மேளத்துக்கு ஒலிவாங்கி கிடையாது. கிறிஸ் ஸ்கொயரின் பாஸ் கிதாரும் ஆர்கனும் பெருகி ஒலிக்கையில், அவற்றினூடே காதில் விழ வேண்டுமென்றால் அப்படி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிற்காலத்தார் நடை என்று போற்றியது தேவையிலிருந்து பிறந்தது. நம் கவிஞர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். தனிநடை வேண்டும் என்று தேடிப் போகிறவர்களுக்கு அது அகப்படுவதில்லை. இரைச்சலின் நடுவே தன் குரல் கேட்க வேண்டும் என்று போராடுகிறவர்களுக்கு அது வந்து சேர்கிறது.

1971இல் வெளிவந்த 'ஃபிராஜைல்' இசைத்தட்டில் ஐந்து உறுப்பினர்களும் ஆளுக்கொரு சிறு பகுதியைத் தம் பொறுப்பில் அமைத்தார்கள். புரூஃபோர்ட் அமைத்தது முப்பத்தைந்து வினாடி நீளமே உள்ளது. அதன் தலைப்பு 'ஃபைவ் பெர்சென்ட் ஃபார் நத்திங்'. ஒன்றுமில்லாததற்கு ஐந்து விழுக்காடு என்பது பொருள். குழுவை விட்டுச் சென்ற பழைய மேலாளருக்கு வருவாயில் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருந்ததை நையாண்டி செய்த தலைப்பு அது. தாளக் கலைஞர் ஒருவர் தனியாக ஆசிரியர் என்று பெயர் பெற்ற இப்படைப்பு அரை நிமிடத்துக்குச் சற்றே மிகுந்தது. அதன் பெயரிலேயே பங்கு, பணம், ஒன்றுமின்மை ஆகியவை வந்துவிடுகின்றன. இது தற்செயல்தான். ஆனால் பொருள் பொதிந்த தற்செயல்.

ஏனெனில் மேலைநாட்டு மெல்லிசை உலகில் காப்புரிமை என்பது பெரும்பாலும் மெட்டுக்கும் சொல்லுக்கும் உரியதாகவே நடைமுறையில் இருந்து வந்திருக்கிறது. பாட்டின் நடையையே மாற்றி அமைத்தவரானாலும், தாளம் வாசித்தவர் என்ற காரணத்தால் ஒருவருக்கு ஆசிரியர் வரிசையில் இடம் கிடைப்பது அரிது. 'யார் ஆக்கியது' என்ற கேள்வி அங்கே அழகியல் கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. வயிற்றுப்பாட்டுக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

வாசிக்காதவருக்குக் கிடைத்த பெயர்

இக்கேள்விக்கு வியப்பான ஒரு விடை 1973இல் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கான்செர்ட்கெபாவ் அரங்கில் கிங் கிரிம்சன் இசைத்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சியின் இடையில், முன்னரே தீர்மானிக்காத ஒரு பகுதி தொடங்கியது. டேவிட் கிராஸ் வயலினையும் ஜான் வெட்டன் பாஸ் கிதாரையும் மெல்ல இசைத்தனர். ஃபிரிப் மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியில் புல்லாங்குழல் ஒலியை எழுப்பினார். இழை இழையாக ஓர் இசை உருவாகிக்கொண்டிருந்தது. புரூஃபோர்ட் குச்சிகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, எப்போது நுழைவது என்று காத்திருந்தார். நுழைய வேண்டிய இடம் வரவே இல்லை. ஏறத்தாழ ஆறு நிமிட நேரம் ஓர் அடிகூட அடிக்காமல் அமர்ந்திருந்தார்.

அப்பகுதி 1974இல் 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' இசைத்தட்டில் 'டிரையோ' என்ற பெயரில் வெளிவந்தது. டிரையோ என்றால் மூவர் இசை. ஆனால் ஆசிரியர்களாக அச்சிடப்பட்ட பெயர்கள் நான்கு. நான்காவது பெயர் புரூஃபோர்டுடையது. அவர் வாசிக்காமல் இருந்ததையே அவருடைய பங்களிப்பு என்று குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள். முன்பு ஒன்றுமில்லாததற்குப் பங்கு என்று நையாண்டி செய்தவர், மூன்றாண்டுக்குள் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காகவே முழுத் தகுதியுடன் ஆசிரியர் ஆனார்!

அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் அவர் ஒருவரைச் சுட்டுகிறார். 1972இல் கிங் கிரிம்சனில் அவரோடு ஜேமி மியூர் என்றொரு தாளக் கலைஞர் இருந்தார். இரும்புத் தகடு, சங்கிலி, கிண்ணம், ஊதுகுழல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் இசைக்கருவியாக்கியவர். சில மாதங்களே இருந்துவிட்டு, 1973இல் ஸ்காட்லாந்திலுள்ள ஒரு பௌத்த மடத்துக்குச் சென்றுவிட்டார். இசை உனக்குப் பணிசெய்ய இருக்கிறது என்று எண்ணாதே, நீதான் அதற்குப் பணிசெய்ய இருக்கிறாய் என்ற கருத்தை அவரிடமிருந்தே தாம் பெற்றதாகப் புரூஃபோர்ட் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அடுத்து வந்த 'ரெட்' இசைத்தட்டில், குப்பையில் கிடந்த வளைந்துபோன தாளத்தட்டு ஒன்றை எடுத்து வைத்து வாசித்தார். ஒலி நெளிந்த அந்தத் தட்டு அவ்விசையின் முகவரியாகவே ஆகிவிட்டது. மியூர் விட்டுச்சென்ற பாடம் அதில் கேட்கிறது.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அரங்குக்கு வேண்டியவர்களின் இலக்கணத்தை இளங்கோவடிகள் வரிசையாகக் கூறுகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், அவனை அடுத்துத் தண்ணுமை ஆசிரியன், பின்னர்க் குழலோன், யாழாசிரியன் என்பது அவ்வரிசை. கவிஞனுக்கு அடுத்த இருக்கை மேளக்காரனுக்கு என்பதை இந்த அவையிலுள்ள கவிஞர்கள் கவனிக்க வேண்டும். அந்தத் தண்ணுமையோனுக்குச் சொல்லப்பட்ட தகுதி என்ன? ஏனைய கருவிகளில் இடைவெளி விழுந்தால் அதை நிரப்புதல். மிகை தோன்றினால் அடக்குதல். அவ்வாறு செய்கையில் தன் ஒலி பிறவற்றை மீறாமல் காத்தல். கைத்திறனை மட்டும் கூறி அவர் நிறுத்திவிடவில்லை. எப்போது நிரப்புவது, எப்போது அடங்குவது என்ற அறிவையும் சேர்த்துக் கூறினார். ஆம்ஸ்டர்டாம் அரங்கில் குச்சிகளைக் குறுக்காகப் பிடித்து அமர்ந்திருந்தவர், இந்த இலக்கணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாக எனக்குத் தோன்றுகிறார்.

அரிய பதிவுகள் எனப்படுபவை

இனி, அரிய பதிவுகள் என்பதைப் பற்றி. நீண்ட காலம் உழைத்த இசைக்கலைஞர் ஒருவரின் பதிவுகள் பல நிறுவனங்களின் கிடங்குகளில் சிதறிக் கிடப்பது இயல்பு. குறிப்பாக விருந்தினராக வாசித்தவை பிறர் பெயரில் இருப்பவை. அவற்றைத் தேடிப் பிடிப்பவர் சிலரே. 1975இல் மட்டும் கிறிஸ் ஸ்கொயர், ஸ்டீவ் ஹோவ், ராய் ஹார்ப்பர் ஆகியோரின் தனி இசைத்தட்டுகளில் அவர் வாசித்திருக்கிறார். 1987இல் டேவிட் டோர்ன் என்னும் கிதார் கலைஞரின் 'கிளவுட் அபௌட் மெர்க்குரி'யில் அவர் வாசித்ததை ராக் இசை அன்பர்களுள் அறிந்தவர் குறைவு. விருந்தினர் என்று ஒரு தட்டையே ஒதுக்கியதால், பிறர் நிழலில் நின்று செய்த உழைப்பும் உழைப்பே என்று அவர் பதிவு செய்கிறார்.

இதைவிட அரியதொன்று, இத்தொகுப்புக்கு ஐந்தாண்டு முன்னர், 2017இல் வெளிவந்த 'சீம்ஸ் லைக் எ லைஃப்டைம் அகோ' என்ற பெட்டியில் இருக்கிறது. அது 1977 முதல் 1980 வரை அவர் நடத்திய குழுவின் முழுத் தொகுப்பு. டேவ் ஸ்டூவர்ட்டின் விசைப்பலகையும் ஜெஃப் பெர்லினின் பாஸ் கிதாரும் அமைந்த அக்குழு, மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டது. நான்காவது வெளிவருமுன் குழு கலைந்தது. அந்நான்காவது இசைத்தட்டுக்காக நடந்த ஒத்திகையின் ஒலிநாடாக்கள் அப்பெட்டியில் சேர்க்கப்பட்டுள்ளன. வெளிவராத நூலின் கையெழுத்துப்படி என்று அதை நாம் கருதலாம்.

இத்தகைய வரைவுகளை வெளியிடலாமா என்பது நம் மலர்க்குழுவிலும் எழுந்த வினா. மறைந்த உறுப்பினர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்திலிருந்த முடிவுபெறாத கவிதைகளைச் சேர்ப்பதா விடுப்பதா என்று நாம் நெடுநேரம் பேசினோம். முடிக்காததை வெளியிடுவது கவிஞருக்குச் செய்யும் தீங்கு என்றனர் சிலர். நான் அப்போதும் இப்போதும் மாறுபடுகிறேன். முடிந்த படைப்பு நமக்கு விடையைக் காட்டுகிறது. ஒத்திகையோ தேர்வைக் காட்டுகிறது. எத்தனை வழிகளில் போயிருக்கலாம், எந்த வழியை விட்டுவிட்டார்கள் என்பது அதில்தான் தெரியும். எழுதக் கற்றுக்கொள்கிறவனுக்கு விடையைவிடத் தேர்வே பயன்படும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒத்திகையை ஒத்திகை என்று சொல்லியே தர வேண்டும். புரூஃபோர்டின் பெட்டி அப்படித்தான் தருகிறது. நாமும் அக்கவிதைகளை 'முடிவுபெறாதவை' என்ற தலைப்பின் கீழ்த்தான் அச்சிட்டிருக்கிறோம்.

மேடையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கு

2009இல், அறுபதாவது வயதை எட்டும் வேளையில், அவர் மேடையை விட்டு விலகினார். அதே ஆண்டு வெளிவந்த தன்வரலாற்றில், பிற்காலத்தில் தம்மை வாட்டிய ஐயத்தையும் சோர்வையும் ஒளிக்காமல் எழுதினார். கைத்திறன் குறையாதிருந்தும், தாம் செய்வது எதற்காக என்ற வினா தீராதிருந்தது. அந்த வினாவைத் தூக்கிக்கொண்டு அவர் சர்ரே பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பீட்டர் எர்ஸ்கின், சிண்டி பிளாக்மன் போன்ற தேர்ந்த டிரம்ஸ் கலைஞர்களை நேர்கண்டு, தாளம் வாசிப்பவர் படைப்பாளர் ஆவது எப்படி என்று ஆராய்ந்தார். 2016இல் முனைவர் பட்டம் பெற்றார். 1968இல் லீட்ஸில் விட்ட படிப்பு, நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பாடத்தில் நிறைவெய்தியது. அவ்வாராய்ச்சி 2018இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியே 'அன்சார்ட்டட்' என்ற நூலாக வந்தது. ஆய்வேடு எழுதிய அனுபவம் உடையவள் என்ற முறையில் சொல்கிறேன்: உலகப் புகழ் பெற்ற ஒருவர் அந்த வயதில் அடிக்குறிப்பும் நேர்காணல் எழுத்துப்படியும் கொண்ட வேலையில் உட்காருவதற்கு, வினாவின் மேல் உண்மையான பசி இருக்க வேண்டும்.

அந்நூலில் இரு கருத்துகள் நமக்குப் பயன்படுபவை. ஒன்று, வாசிப்பில் இரு முனைகள் உண்டு என்பது. ஒரு முனையில், பிறர் வகுத்ததைப் பிசகாமல் நிறைவேற்றும் பணிவாசிப்பு. மறு முனையில், எதை வாசிப்பது என்பதையே தான் தீர்மானிக்கும் ஆக்கவாசிப்பு. கலைஞர் எவரும் இரண்டில் ஒன்றிலேயே நிற்பதில்லை. ஒரே இரவில், சில வேளை ஒரே பாட்டில், இரண்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறார். தொகுப்பின் நான்கு பிரிவுகளும் இக்கோட்டின் மேல் அமைந்த நான்கு நிறுத்தங்கள் என்று கொள்ளலாம். ஆய்வு தொகுப்புக்கு வழிகாட்டியது. தொகுப்பு ஆய்வுக்குச் சான்றாயிற்று.

மற்றொன்று, படைப்புச் செயல் நான்கு கூறுகளாக நிகழ்கிறது என்பது. பலவற்றுள் ஒன்றைத் தேர்கிறோம். அதனால் முன்னுள்ளதிலிருந்து வேறுபடுத்துகிறோம். அவ்வேறுபாட்டைப் பிறர்க்கு உணர்த்துகிறோம். உணர்ந்தவர் அதை மதிப்பிடுகிறார். கடைசிக் கூறு கலைஞர் கையில் இல்லை. உடன் இசைப்போரும் கேட்போரும் ஏற்றுக்கொண்ட பிறகே படைப்பு நிறைவேறுகிறது. ஆம்ஸ்டர்டாமில் அவர் வாசிக்காமல் இருந்தார். அஃது ஒரு தேர்வு. அத்தேர்வைப் படைப்பாக்கியது, உடனிருந்த மூவரும் அதை அப்படி மதிப்பிட்டதுதான். அவர்கள் கருதாதிருந்தால், அன்று அவர் சும்மா இருந்தார் என்பதோடு கதை முடிந்திருக்கும்.

இரு ஐயங்கள்

புகழ்ந்து மட்டும் அமர்வது ஆய்வாளர்க்கு அழகாகாது. இரு ஐயங்களைக் கூறிவிடுகிறேன்.

முதலாவது, முன்பு நான் சொன்ன இடர். தம்மைத் தாமே தொகுப்பவர் தமக்குப் பிடித்த முகத்தையே காட்டுவார். வகைப்படுத்தும் அறிவு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், எந்தப் பதிவு எந்த வகையில் சேரும் என்பதையும், எது எங்கும் சேராது என்பதையும் முடிவு செய்பவர் அவரே. வேறொருவர் தொகுத்தால் வேறொரு புரூஃபோர்ட் கிடைப்பார். அதுவும் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டாவது, ஆண்டு முறையை அளவுகோலாகக் கொள்ளாததால் நாம் இழப்பது ஒன்று உண்டு. இருபது வயதின் துடிப்பும் ஐம்பது வயதின் நிதானமும் வரிசையாகக் கேட்டால்தான் வளர்ச்சி தெரியும். 1980களில் மின்னணு மேளங்களோடு மல்லுக்கட்டி, அவற்றில் சுரங்களையும் எழுப்பி, பின்னர் 1990களின் இறுதியில் எர்த்வொர்க்ஸ் குழுவோடு மரமும் தோலுமான பழைய மேளத்துக்கே அவர் திரும்பினாரே, அந்தப் பயணத்தின் பொருள் காலவரிசையில்தான் முழுமையாகப் புலப்படும்.

இவ்வையங்கள் இருந்தும், அவர் தேர்ந்த முறையே மேலானது என்பது என் துணிபு. காலவரிசை 'இவர் எப்படி வளர்ந்தார்' என்று காட்டும். உறவுவரிசையோ 'இவர் யார் யாரோடு எப்படி நின்றார்' என்று காட்டும். பிறரோடு சேர்ந்தே இயங்கும் கலைக்கு இரண்டாவதே பொருந்தும்.

கவிதை தனியே எழுதப்படுவதாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். எழுதுவது தனியேதான். ஆனால் இந்த வட்டத்தின் பத்தாண்டுக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒருவர் வாசித்த கவிதையில் மற்றவர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னது இருக்கிறது. இறுதி நான்கு வரிகளை நீக்கச் சொன்னது இருக்கிறது. ஒரு கவிதை முடிந்ததும் யாரும் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள் என்று செயலாளர் எழுதிவைத்ததும் இருக்கிறது. வெட்டப்பட்ட நான்கு வரிகளுக்கு ஆசிரியர் யார்? அந்த மௌனத்துக்கு ஆசிரியர் யார்? மலரில் கவிஞர் பெயர் மட்டுமே அச்சாகியிருக்கிறது. திங்கள்தோறும் வந்து, ஒரு கவிதையும் எழுதாமல், கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்த உறுப்பினர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் இம்மலரின் பாதிக் கவிதைகள் வேறு உருவில் இருந்திருக்கும். கால்வாசி எழுதப்பட்டிருக்கவே மாட்டா. ஆகவே இம்மலரின் இறுதிப் பக்கத்தில், பத்தாண்டுக் காலம் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்ட அனைவர் பெயரையும், எழுதினார் எழுதாதார் என்ற பாகுபாடின்றி, அகரவரிசையில் சேர்க்க வேண்டும் என்று மலர்க்குழுவை வேண்டினேன். குழு ஏற்றுக்கொண்டது. அப்பக்கத்துக்கு நன்றியுரை என்று தலைப்பிட வேண்டாம், ஆசிரியர்கள் என்றே இடுங்கள் என்பது இப்போது உங்கள் முன் நான் வைக்கும் இன்னொரு வேண்டுகோள்.

புரூஃபோர்ட் அண்மை ஆண்டுகளில் மீண்டும் குச்சிகளைக் கையில் எடுத்திருக்கிறார். சிறு அரங்குகளில், பீட் ரோத் என்ற கிதார் கலைஞரின் பெயரால் அமைந்த மூவர் குழுவில், மூவருள் ஒருவராக வாசிக்கிறார். குழுவின் பெயரில் அவர் பெயர் இல்லை. அதில் அவருக்குக் குறையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.